இரண்டு பயணங்களுக்கு நடுவே ஒரு தொட்டில் போர்வை

ஜனவரி 7, புதன் – போல்பூர்

ஒன்பது மணிக்குத்தான் பனி விலகியது. கோவைக் குளிருக்குப் போதுமாக இருக்கும் ஸ்வெட்டர் மேற்கு வங்கத்து வீர்பூம் மாவட்டத்து ஜனவரிக்குப் போதவில்லை. ராத்திரி முழுக்க லாட்ஜில் கொடுத்த ரஜாயை இழுத்து இழுத்துப் போர்த்தியே தூக்கம் கெட்டது. தெருமுனையில் மண் குவளையில் டீ பத்து ரூபாய். இரண்டாவது குவளை குடித்த பிறகுதான் விரல் மடங்கியது.

பேட்டரி ரிக்‌ஷாவை இங்கே டோட்டோ என்கிறார்கள். கோவையில் போர்வை தைக்கும் நான் இங்கே வந்தது காந்தா எனும் வங்காளத்து ரன்னிங் தையல் வேலையைப் பார்க்க. ஸ்ரீநிகேதனைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமத்துக்குப் போய்வர முந்நூறு ரூபாய் பேசினேன். ஓட்டுநர் இளவட்டம். வெளியே காத்திருப்பார் என்று பார்த்தால், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு என் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். அவருடைய பெரியம்மா வீடாம். நான் சொன்ன அரைகுறை ஹிந்தியை வங்காளத்தில் அவர்களுக்குச் சொல்வதும், அவர்கள் சொன்னதை எனக்குச் சொல்வதுமாக மதியம் வரை இருந்தார். அதற்காகத் தனியாகக் காசு கொடுத்தபோது, "வேண்டாம் தீதி, நானும் இன்றைக்குத்தான் இதையெல்லாம் கேட்கிறேன்" என்றார்.

முற்றத்தில் வெயில் விழும் பக்கமாக மூன்று பெண்கள் உட்கார்ந்து காந்தா தைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மடியில் டஸ்ஸர் பட்டு, கடை ஆர்டர். மீன், கொடி, பல்லக்கு என்று காகிதத்தில் ஊசியால் குத்தி அச்சு எடுத்த படங்கள். ஒரு சேலை முடிக்க நாலு மாதத்துக்கு மேல் ஆகுமாம், வீட்டு வேலைக்கு நடுவே. கூலி நாலாயிரம் ரூபாய். முந்தின சனிக்கிழமை சோனாஜுரிக் காட்டுச் சந்தைக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் அதே மாதிரிச் சேலைக்குப் பதினாறாயிரம் சொன்னார்கள். இதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. பட்டுக்கும் நூலுக்கும் கடை வாடகைக்கும் எவ்வளவு கழித்தாலும், நாலு மாதம் கண்ணைக் கொடுத்தவளுக்கு வந்துசேர்வது கால் பங்குதான்.

மூன்றாவது பெண்தான் பெரியம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் தைத்தது கடைக்கு இல்லை, பேரப்பிள்ளைக்கு. மருமகளுக்கு மாசி கடைசியில் பிரசவம். பழைய பருத்திச் சேலை நாலு மடிப்பு, அவ்வளவுதான். நடுவில் பஞ்சு கிடையாது, வாடிங் என்று நாங்கள் வைக்கும் பஞ்சுத் தகடும் கிடையாது. எனக்கு அதில் பிடித்தது நூல். சேலையின் சிவப்புக் கரையிலிருந்து ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்து வைத்திருந்தார். ஊசி முனையால் ஓர் இழையை நெம்பி, கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெதுவாக உருவுகிறார். பாதியில் அறுந்தால் சலித்துக்கொள்வதில்லை. அறுந்த துண்டையும் தொடையில் வைத்து இன்னொன்றோடு சேர்த்து முறுக்கிவிடுகிறார். முறுக்கிய நூலை எச்சிலால் நனைத்து ஊசியில் கோத்து, ஒரே மூச்சில் ஏழெட்டுத் தையல் ஊசியில் ஏற்றி இழுக்கிறார். கோடு போடவில்லை, அளவு வைக்கவில்லை. முந்தின வரிசையைப் பார்த்து அடுத்த வரிசை. தையல் இறுக இறுகத் துணியில் சின்னச் சின்ன அலையாகச் சுருக்கம் எழும்புகிறது. நான் மிஷினில் தைக்கும்போது சுருக்கம் வந்தால் பிரித்துவிடுவேன். இங்கே அந்தச் சுருக்கத்தில்தான் காற்று தங்குகிறது, அதுதான் கதகதப்பு.

மதியம் சாப்பிடாமல் விடவில்லை. சோம்பும் இஞ்சியும் அரைத்துப் போட்ட உளுந்தம்பருப்புக் குழம்பு; உளுந்தை இப்படிச் சோற்றில் பிசைந்து சாப்பிடலாம் என்று எனக்கு இதுவரை தெரியாது. கூடவே ஆலு போஸ்தோ, அதாவது உருளைக்கிழங்கில் கசகசா அரைத்துப் போட்ட கறி. கசகசா விற்கிற விலையில் விருந்தாளி வந்தால்தான் இவ்வளவு தாராளமாக அரைப்பார்கள் என்று டோட்டோக்காரத் தம்பி காதில் சொன்னார். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். கைப்பையில் இருந்த கோயமுத்தூர் நூல்கண்டுகளையும் ஊசிப் பாக்கெட்டையும் கொடுத்தேன். ஊசியை மட்டும் பெரியம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, காது பெரிதாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

ஜனவரி 8, வியாழன் – சாந்திநிகேதன், ஹவுரா

காலையில் விஸ்வபாரதி வளாகத்தை வெளியிலிருந்து சுற்றிப் பார்த்தேன். 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் கூடிவிட்டது என்று டீக்கடைக்காரர் சொன்னார். எனக்கு இந்த ஊர் முக்கியம் என்றால் அது ரவீந்திரநாத் தாகூரின் மருமகள் பிரதிமா தேவியால். வீட்டு மூலையில் கிடந்த காந்தாத் தையலை இங்கே கைத்தொழிலாக எடுத்துப் பிடித்தவர்களில் அவர் முக்கியமானவர். 2024இல் காந்தாவுக்காகப் பத்மஸ்ரீ வாங்கிய தக்தீரா பேகமும் இந்த மாவட்டத்துக்காரர்தான். விருதும் பட்டியலும் வந்துவிட்டன. முற்றத்துக் கூலிதான் இன்னும் அந்த உயரத்துக்கு ஏறவில்லை.

ஸ்டேஷன் வாசலில் ஜால்முரி இருபது ரூபாய். பொரியில் கடுகெண்ணெய் ஊற்றிப் பச்சை மிளகாயோடு குலுக்கிக் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொன்று வாங்கினேன். பனிக்காலத்தில் மட்டும் கிடைக்கும் ஈச்சம் வெல்லம் இரண்டு வட்டு வாங்கி, துணிக்கு நடுவே சுற்றி வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 9, 10 – ரயில்

ஹவுராவில் ஏறும்போதே மூன்று மணி நேரம் தாமதம். ஒடிசா தாண்டுவதற்குள் அது ஐந்தாகி, ஆந்திராவில் ஏழானது. மூடுபனி என்றார்கள். சென்னையில் பிடிக்க வேண்டிய ராத்திரி ரயில் கைவிட்டுப் போனது விசாகப்பட்டினத்திலேயே தெரிந்துவிட்டது.

எதிர் இருக்கையில் முர்ஷிதாபாத்திலிருந்து ஒரு பையன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. "காதர்பேட்டைக்குப் பக்கத்துல ரூம், அக்கா" என்று நல்ல தமிழில் ஆரம்பித்தார். நான் பொழுது போக்க ஒரு துண்டுத் துணியில் பெரியம்மா தைத்தபடி வரிசை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து பையை இழுத்து ஒரு காந்தாப் போர்வையை எடுத்து விரித்தார். அவருடைய அம்மா தைத்தது. ஒரு பக்கம் அப்பாவின் நீலக் கட்டம் போட்ட லுங்கி, மறுபக்கம் அம்மாவின் சேலை. ஓரம் பிய்ந்த இடத்தில் பனியன் துணி வைத்து அவரே தைத்திருந்தார். பனியன் இழுபடும் என்பதால் அந்த இடம் மட்டும் கோணலாகப் போயிருந்தது. "ரூமுல எட்டுப் பேர் படுக்கிறோம். இதை யாருக்கும் தர மாட்டேன்" என்றார்.

பலாசாவில் முந்திரி விற்றார்கள். கால் கிலோ வாங்கி நாங்களும் பக்கத்து இருக்கைத் தெலுங்குத் தம்பதியும் பங்கு போட்டோம். கோதாவரிப் பாலத்தில் அந்த அம்மா எழுந்து நின்று காசு போட்டுக் கும்பிட்டார். எனக்கும் ஒரு ரூபாய் கொடுத்துப் போடச் சொன்னார்.

சென்னைக்கு வரும்போது மணி ஒன்றரை. சென்ட்ரலில் கொசுக்கடி. காத்திருப்பு அறையில் இடமில்லை. அந்தப் பையன் ஓர் ஓரத்தில் தன் காந்தாவை விரித்து, "நீங்க படுங்க அக்கா, நான் பையைப் பாத்துக்கறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. விடியும்வரை சுவரில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி 11, ஞாயிறு – கோவை

பையன் திருப்பூரில் இறங்கிக்கொண்டார். நான் வீடு வந்து சேரும்போது மதியம் மூன்று மணி. அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "அம்மிணி, முதல்ல சாப்பிடு, அப்புறம் உள் ரூமுக்குப் போலாம்" என்று சொன்ன தோரணையிலேயே ஏதோ ஆகியிருக்கிறது என்று புரிந்தது.

மேல்தண்ணித் தொட்டி வழிந்து, தையல் அறையின் பரண் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. போர்வைக்காக வெட்டி வைத்த துணிப் பிளாக்குகள் அலமாரியில் இருந்ததால் தப்பின. உஷா மிஷினுக்கு மூடி போட்டிருந்ததால் அதுவும் தப்பியது. நனைந்தது பருத்தி வாடிங் சுருள். அவர் வெயிலில் காய வைத்திருக்கிறார், பாவம். ஆனால் நனைந்த பருத்தி வாடிங் கட்டி கட்டியாகத் திரண்டு, ஓர் இடம் தடிப்பாகவும் ஓர் இடம் வெறும் இழையாகவும் ஆகிவிட்டது. மோந்து பார்த்தால் பூஞ்சணம் நாற்றம்.

அது பொள்ளாச்சி ஆர்டருக்கு வைத்திருந்தது. அங்கே ஓர் அம்மாவின் பேத்திக்கு 25ஆம் தேதி தொட்டில் போடுகிறார்கள். 36க்கு 45 அங்குலம், பூப்போட்ட புதுப் பாப்ளின், நடுவில் பருத்தி வாடிங் என்று பேச்சு. இருந்த சோர்வில் அழுகை வந்தது. ராத்திரி ஏழு மணிக்கே படுத்துவிட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

பயணம் முடிந்து வந்தால் முதல் நாள் கை எனக்கு வசப்படாது. ஒரு கத்தரிக்கோலை எடுத்தால் எதற்கு எடுத்தோம் என்று நிற்பேன். அதனால் அன்றைக்குத் தைக்க உட்கார மாட்டேன். மிஷினைத் திறந்து பஞ்சுத் தூசி தட்டி எண்ணெய் விட்டேன். ஊசி மாற்றினேன். போல்பூரில் எடுத்த படங்களைப் பார்த்து நோட்டில் குறிப்பு எழுதினேன். துவைக்கப் போட்ட துணி இரண்டு கொடி நிறைந்தது. ஈச்சம் வெல்லத்தில் அத்தை அரிசிப் பாயசம் வைத்தார். புகை வாசம் அடிக்கிறது என்று முதலில் சொன்னவர், இரண்டாவது டம்ளரும் குடித்தார்.

வாடிங் விற்கும் மும்பைக் கடைக்குப் போன் செய்தால், பொங்கல் லீவு முடிந்து கூரியர் வர 22 ஆகிவிடும் என்றார்கள். 22க்கு வந்து 25க்குள் முடிக்க முடியாது.

அத்தையிடம் புலம்பினேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே, "பொறந்த கொழந்தைக்கு எதுக்கு அம்மிணி பஞ்சும் புதுத்துணியும்? உம்பட புருசன் பொறந்தப்ப எங்கம்மா சீலையக் கிழிச்சுத்தான் சுத்துனோம். புதுத்துணி ஒறுத்தும்" என்றார்.

நம் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போட மாட்டோம். துவைத்துத் துவைத்துக் கஞ்சிப்பசை முழுக்கப் போன பருத்திச் சேலையும் வேட்டியும்தான். கட்டுகிற தொட்டிலும் சேலைதான். முர்ஷிதாபாத்திலும் வீர்பூமிலும் அதையே நாலு மடிப்பாகப் போட்டுத் தைத்துவிடுகிறார்கள். சாயங்காலம் பொள்ளாச்சி அம்மாவுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, "உங்க வீட்டுப் பழைய சேலை இருந்தா அதுலயே செஞ்சு தரட்டுங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எங்க அம்மாவோட சுங்குடிச் சீலை ரெண்டு இருக்குதுங்க. கட்டறதுக்கு ஆகாது, எறியவும் மனசு வல்லே" என்றார்.

ஜனவரி 14, புதன் – போகி

வாசல் நிலையில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் காப்புக் கட்டியாயிற்று. தெருவில் எல்லா வீட்டிலும் பரண் காலி செய்கிறார்கள். நான் வேறு வேலையாக இறங்கினேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "அக்கா, பழைய பருத்திச் சேலை, வேட்டி, தலையணை உறை எதுவும் எறியாதீங்க, எனக்குக் கொடுங்க" என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, "கிழிஞ்சதெல்லாமா கேட்கறது, நல்லதாப் பாத்துத் தர்றேன்" என்று பாலியெஸ்டர் சேலை நாலு எடுத்து வந்தார். கிழிந்த பருத்திதான் வேண்டும் என்று புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது. ஓர் இழையைக் கொளுத்திக் காட்டினேன். பருத்தி காகித வாசத்தோடு எரிந்து சாம்பலாக உதிரும், பாலியெஸ்டர் உருகிக் கட்டியாக நிற்கும். அதைப் பார்த்ததும் எதிர் வீட்டுப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சோதனை செய்து மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சாயங்காலம் வெந்நீரில் ஊற வைத்தேன். சாயம் போகும் சேலைகளைத் தனியாக எடுத்தேன். வெள்ளைக் கைக்குட்டையை ஈரத் துணியில் அழுத்தித் தேய்த்தால் கறை ஒட்டுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரு மெரூன் சேலை, முப்பது வருசத்துப் பழசு என்று சொன்னார்கள், இன்னும் சாயம் விட்டது.

ஜனவரி 17, சனி

பொங்கல், மாட்டுப் பொங்கல் இரண்டு நாளும் ஊசி தொடவில்லை. மாமனார் ஊரில் பட்டி மிதிக்கப் போனோம்.

இன்று பூப்பறிக்கும் நோம்பி. மதியம் பொள்ளாச்சியிலிருந்து அந்த அம்மாவின் மகன் பைக்கில் வந்து ஒரு மஞ்சப் பையைக் கொடுத்தார். குழந்தைக்கு அவர் தாய்மாமன். இரண்டு சுங்குடி, ஒன்று அரக்கு, ஒன்று கருநீலம். புள்ளிகள் வெளிறி, துணி கையில் நழுவுகிறது. கூடவே தாத்தாவின் எட்டு முழ வேட்டி ஒன்று. அவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டே, "துணி எல்லாம் எங்களதுதானேங்க. அப்ப ரேட்டு கொறையுமுல்ல?" என்று கேட்டார்.

பேசியது ஆறாயிரம். அதில் புதுத்துணிக்கும் வாடிங்குக்கும் ஆயிரத்து இருநூறு போட்டிருந்தேன். அதைக் கழித்து நாலாயிரத்து எண்ணூறு என்றால் நியாயம் என்று அவருக்குத் தோன்றுகிறது. ஆனால் மிஷின் தையல் இப்போது முழுக்கக் கைத்தையலாக மாறியிருக்கிறது. போல்பூர் முற்றத்தில் அந்தக் கணக்கைக் கேட்டு வந்தவள், இங்கே உட்கார்ந்து என் கையாலேயே தையலின் விலையைக் குறைத்துவிட்டால் அப்புறம் யாரைக் கேள்வி கேட்பது? "கொறையாதுங்க தம்பி. வேலை கூடியிருக்குது. ஆறாயிரம்தான்" என்றேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகப் போனார். ராத்திரி அந்த அம்மாவே போன் செய்தார். "நீங்க தைங்க, நான் பாத்துக்கறேன்."

ஜனவரி 20, செவ்வாய் – ஈரோடு

ஓரத்துக்கும் மற்ற வேலைகளுக்கும் காடாத் துணி வேண்டியிருந்தது. ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் சாயங்காலம் தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். விடிகாலை பஸ் ஏறினால் எட்டரைக்குள் போய்விடலாம். பொங்கல் முடிந்த வாரம் என்பதால் கூட்டம் இல்லை. மொத்த வியாபாரிகள் கணக்குப் பார்த்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தார்கள். காடா மீட்டர் 55 ரூபாய் என்று பத்து மீட்டர் வாங்கினேன். ஒரு கடைக்காரர் பேரம் பேசாமலே, "சில்லறைக்குப் பழைய சென்னிமலை பெட்ஷீட் பிட்டு இருக்குது, கிலோ கணக்குல எடுத்துக்கங்க" என்று மூட்டையைக் கவிழ்த்துவிட்டார். கட்டம் போட்ட சென்னிமலைத் துணி தடிப்பு. ஊசி சுலபமாக இறங்காது, ஆனால் அடித்தட்டுக்கு ஆகும். மூன்று கிலோ எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெஸ்ஸில் பருப்பு, ரசம், பொரியலோடு சாப்பாடு எழுபது ரூபாய். கேட்காமலே இரண்டாவது தடவை நெய் ஊற்றினார் பரிமாறியவர். திரும்பும்போது பெருந்துறைப் பக்கம் பஸ் பஞ்சராகி வெயிலில் முக்கால் மணி நேரம். காடாச் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு புளிய மர நிழலில் நின்றபோது, ஒரு பாட்டி பக்கத்தில் வந்து துணியைத் தொட்டுப் பார்த்து, "பாவாடைக்கா?" என்று விசாரித்தார். குழந்தைப் போர்வை என்றதும், தன் பேரனுக்குத் தைத்த கதையை பஸ் கிளம்பும்வரை சொன்னார்.

ஜனவரி 21, புதன்

கூடத்தைப் பெருக்கித் துடைத்து, காய்ந்த தரையில் துணிகளை விரித்தேன். அடியில் அரக்குச் சுங்குடி முகம் கீழாக. அதன் மேல் வேட்டி இரண்டு மடிப்பு. மேலே கருநீலச் சுங்குடி முகம் மேலாக. கிழிந்த இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் பார்த்து நகர்த்தினேன். மேல் துணியில் கிழிசல் இருந்தால் கீழே உள்ளது தாங்க வேண்டும். நாலு மூலைக்கும் எதை வைப்பது என்று தேடியபோது, அத்தை ஆட்டுக்கல் குழவி, அம்மிக் குழவி, இரும்புச் சட்டி, அரிசி டப்பா என்று எடுத்து வந்தார். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிக்கொண்டே போக வேண்டும். பழைய துணி புதுத்துணி மாதிரி விறைத்து நிற்பதில்லை. நீவினால் நீவின பக்கம் போய்ப் படிந்துகொள்ளும். விட்டால் ஒரு புள்ளிகூட இடம் மாறாமல் அப்படியே கிடக்கும். இந்த இளக்கத்தைக் கடையில் எந்த விலைக்கும் வாங்க முடியாது.

துணி நகராமல் தற்காலிகமாகப் பிடிக்கும் கச்சாத் தையல் ஒரு சாணுக்கு ஒன்று வீதம் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு முடிக்கப் பதினொரு மணி. முட்டி பிடித்துக்கொண்டது.

கரை நூலை உருவிப் பார்த்தேன். அரக்குச் சேலையின் கரை இழை நல்ல உரமாக இருந்தது. போல்பூரில் எச்சில் தொட்டார்கள். நான் தேன்மெழுகுத் துண்டில் ஒரு முறை இழுத்துக்கொண்டேன், சிக்கு விழவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவும் அவர் மகளும் வந்து உட்கார்ந்து ஆளுக்கு ஒரு மூலை தைத்தார்கள். மகளுக்கு பி.காம். கடைசி வருசம். "அக்கா, பிரிச்சுத் தைக்கச் சொல்லக் கூடாது" என்ற நிபந்தனையோடுதான் ஊசி எடுத்தாள். அவள் தையல் கொஞ்சம் நீளம், அம்மா தையல் குட்டை. பிரிக்கவில்லை. இரண்டு பேருக்கும் அவர்கள் தைத்த நேரத்துக்குக் காசு கொடுத்தேன். அக்காவுக்குக் கோபம். "பக்கத்து வீட்டுல கூலியா?" என்றார். கூலி வாங்காவிட்டால் நாளைக்குக் கூப்பிட மாட்டேன் என்றதும் வாங்கிக்கொண்டார்.

ஜனவரி 23, வெள்ளி

நேற்றும் இன்றும் சமையல் அத்தை தலையில். மதியம் இரண்டு மணிக்குத் தெற்குச் சன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கும், அதற்கு முன்னால் எல்லா வேலையும் முடித்துக்கொள்வேன். கருநீலத்தில் அரக்கு நூல் வரிசை வரிசையாக விழ விழ, சுங்குடிப் புள்ளிகளுக்கு நடுவே துணி எழும்பி அமுங்கி வருகிறது. போல்பூரில் பார்த்த அதே சுருக்கம். ஒரு கிழிசலை மறைக்காமல், அதைச் சுற்றியே வட்டம் வட்டமாக ஓட்டினேன். நடுவில் வேட்டியின் வெள்ளை தெரிகிறது.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஓரம் மடித்து முடித்தேன். துவைத்து, பிழியாமல் நிழலில் போட்டாயிற்று.

ஜனவரி 25, ஞாயிறு – பொள்ளாச்சி

உக்கடத்திலிருந்து பஸ். கிணத்துக்கடவு தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னை. இந்த வருசம் பாதி மரத்தில் வாடல். நோய் வந்து வெட்டிப்போட்ட தோப்புகள் நடுநடுவே வெறிச்சென்று கிடக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோப்புக்காரர் அதைப் பற்றித்தான் வழி முழுக்கப் பேசினார்.

வீடு நிறைய சனம். போர்வையைக் கையில் வாங்கிய அம்மா பேசாமல் திண்ணைக்குப் போய் உட்கார்ந்து, மடியில் விரித்து, ஒரு புள்ளியில் விரல் வைத்து, "இது அம்மா ஆடி நோம்பிக்கு வாங்குனது" என்றார். அப்புறம் அந்த வட்டத் தையலைத் தடவிப் பார்த்து, "இங்க கிழிஞ்சிருந்துச்சில்ல?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்து அதன் மேல் போட்டார். இருபத்தெட்டு நாள் பிள்ளை. கையை விரித்து ஒரு சுருக்கத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது.

ஆறாயிரத்தையும் எண்ணிக் கொடுத்தார்கள். தாய்மாமன் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் சாப்பிடும்போது அவரே வந்து இலையில் இன்னொரு கரண்டி கச்சாயத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிவிட்டுப் போனார். அங்கிருந்த இரண்டு பேர் தங்கள் வீட்டுச் சேலைகளைப் பற்றி விசாரித்தார்கள். விலை சொன்னேன். ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார், இன்னொருவர் அதிகம் என்றார்.

ஜனவரி 27, செவ்வாய்

நாளை ராத்திரி கர்நாடகத்துக்குக் கிளம்ப வேண்டும். ஹளியாளில் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவுதிப் போர்வையைப் பார்க்கப் போகிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து கோவா வழியாகவும் மற்ற வழிகளிலும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய போர்வையும் பழந்துணிதான், ரன்னிங் தையல்தான். ஆனால் ஓர் ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கி 'ஃபுலா' என்ற பூ வைப்பார்கள். பூ வைக்காத கவுதி அம்மணமாக இருப்பதாகச் சொல்வார்களாம். அந்த மூலை மடிப்பை எந்தக் கட்டத்தில் செருகுகிறார்கள் என்பதைப் படத்தில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

போகிச் சேலைகளில் மிச்சம் இருந்ததை எடை போட்டேன், பதினோரு கிலோ. நிறம் பிரித்து அலமாரியில் அடுக்கினேன். பரணுக்கு இனி எதுவும் ஏற்றுவதாக இல்லை. தொட்டி வழியாமல் இருக்க மிதவை வால்வு போட்டாயிற்று, அறுநூற்று ஐம்பது ரூபாய் ஆயிற்று. மும்பை வாடிங் 22ஆம் தேதி சரியாக வந்துவிட்டது, அப்படியே பிரிக்காமல் இருக்கிறது.

அத்தை தன்னுடைய சேலைகளில் மூன்றை எடுத்து வைத்திருக்கிறார். தனக்கு ஒன்று வேண்டுமாம், பெரிய சைஸ், கால் மூடுகிற மாதிரி. கச்சாத் தையல் வரை இன்று முடித்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவும் மகளும் நான் வரும்வரை ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், கூலி பேசியாயிற்று. மூலை நாலையும் தைக்காமல் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன், பூ வைக்கக் கற்றுக்கொண்டு வந்தால் அங்கே செருக.

நாளை ஒன்பது மணிக்கு பெங்களூரு பஸ். அங்கிருந்து ரயிலில் தார்வாடு, பிறகு ஹளியாளுக்கு பஸ். புளிச்சோறு கட்டித் தருவதாக அத்தை சொல்லிவிட்டார். இந்த முறை ரஜாய் மாதிரி ஒன்று சொந்தமாகவே எடுத்துப்போகிறேன். போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன்.